நான்காவது சோதனைக்காரன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டி.எஸ். எலியட்டின் ‘மர்டர் இன் த கதீட்ரல்’ கவிதை நாடகத்தை வாசித்தேன். தாமஸ் பெக்கெட் செத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டுத்தானே இங்கிலாந்து திரும்புகிறார்? அரசனுக்கு அதிகாரம் வேண்டும், இவருக்குப் புகழ் வேண்டும். இவரை எப்படி மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்று ஏற்பது?

செ., திருநெல்வேலி

அன்புள்ள செ.,

உங்கள் கேள்வியை நாடகமே இரண்டு முறை கேட்கிறது.

வரலாறு சுருக்கமாக இது. இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் சான்சலர் (அரச நிர்வாகத்தின் உயர் அதிகாரி), நெருங்கிய நண்பர் தாமஸ். 1162இல் ஹென்றிதான் அவரை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கான்டர்பரி பேராயராக்கினார். நம் ஆள் அங்கே உட்கார்ந்தால் திருச்சபை கைக்குள் இருக்கும் என்ற கணக்கு பொய்த்தது. குற்றம் செய்த குருமாரை அரச நீதிமன்றம் தண்டிக்கலாமா என்ற தகராறு முற்றி, 1164இல் தாமஸ் பிரான்சுக்குத் தப்பினார். 1170 டிசம்பரில் திரும்பியவரை அதே மாதம் 29ஆம் தேதி அரசனின் நான்கு பிரபுக்கள் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அந்தத் தகராறில் அரசன் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். கொலை செய்த குரு பதவியை மட்டும் இழந்து தப்பலாம் என்றால் எந்த அரசு ஒப்பும்?

எலியட்டின் அக்கறை வேறு. நாடகத்தில் தாமஸிடம் ஆசை காட்டி வழிமாற்றப் பார்க்கும் நான்கு சோதனைக்காரர்கள் வருகிறார்கள். பழைய கேளிக்கை, பழைய பதவி, அரசனுக்கு எதிரான கூட்டணி. இந்த மூன்றையும் அவர் எளிதாகத் தள்ளிவிடுகிறார். நான்காமவன் எதிர்பாராமல் வருகிறான். செத்துப்போ, கல்லறையிலிருந்து ஆள்வாய் என்கிறான். அது பலித்தது. 1173இல் புனிதர் பட்டம். 1174இல் ஹென்றியே வெறுங்காலுடன் வந்து அந்தக் கல்லறை முன் கசையடி வாங்கினான். அப்புறம் அந்த நான்காமவனே சொல்கிறான்: ஒருநாள் அந்தக் கல்லறையையும் கொள்ளையடிப்பார்கள். 1538இல் எட்டாம் ஹென்றி காலத்தில் அதுவும் நடந்தது. ஆகவே அழியாத விண்ணக மகிமையை நாடு, அதற்காகச் சாவைத் தேடு என்கிறான். நாடகத்தின் கோரஸாக வரும் கான்டர்பரிப் பெண்களைப் பற்றித் தாமஸ் முதலில் சொன்ன வரிகளையே அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்கிறான். தாமஸிடம் மறுவாதம் இல்லை.

அந்த இடத்தில்தான் பெண்கள் கதறுகிறார்கள்: நீங்கள் அழிந்தால் நாங்களும் அழிவோம், உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகே தாமஸ் தன் வழி தெளிந்துவிட்டது என்கிறார். தொடர்ந்து வரும் கிறிஸ்துமஸ் மறையுரையில், மறைசாட்சி என்ற பெருமையைக்கூட விரும்பாதவனே மறைசாட்சி என்கிறார். என்னைப் பொறுத்தவரை அந்தக் கதறல்தான் அவரைத் திருப்பியது. தன் ஆன்மாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கேதான் பிறரைக் கேட்கிறார்.

இரண்டாவது முறை உங்கள் கேள்வியைக் கேட்பது கொலைகாரர்களில் கடைசியாகப் பேசுபவன். கொலை முடிந்ததும் நால்வரும் நம்மைப் பார்த்து உரைநடையில் பேசுகிறார்கள். கதவைப் பூட்டியிருந்தால் பிழைத்திருப்பார், திறக்கச் சொன்னது அவர்தான், ஆகவே இது மனநிலை பிறழ்ந்த தற்கொலை என்கிறான் அவன். பல மேடையேற்றங்களில் சோதனைக்காரர்களாக நடிப்பவர்களே பிரபுக்களாகவும் வருவார்கள். 1935 ஜூனில் முதன்முதலாக இது அரங்கேறியது அந்தப் பேராலய வளாகத்திலேயே. தாமஸ் விழுந்த இடத்துக்கு அருகே உட்கார்ந்து அந்தச் சமாதானத்தை முதல் பார்வையாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கதவைத் திறக்கச் சொல்லும்போது தாமஸ் முதலில் தன்னைப் பற்றிப் பேசவில்லை. கோயில் பகைவனுக்கும் திறந்திருக்க வேண்டும், அதைக் கோட்டையாக்காதீர்கள் என்கிறார். அவரை நான் நம்புவது அதனால்தான். அவர் மனதுக்குள் புகழாசை துளியும் மிஞ்சவில்லையா என்பதை எலியட் நிரூபிப்பதில்லை, நிரூபிக்கவும் முடியாது. பெண்களின் அந்தக் கதறலையும் இந்தக் கதவுக் காட்சியையும் சேர்த்து ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.