டவர் போனால் ஊருக்கு என்ன ஆகும்?

எல்லாவற்றுக்கும் கைபேசியை நம்புவது நெல்லைச் சீமைக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்கக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனால் டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். ரோடே அறுந்து கிடந்தால் டீசல் எப்படிப் போகும்? தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் போன் செத்துப்போனது. வெளியூரிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகள், அப்பா அம்மா பத்திரமாக இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது. சிக்னல் இருந்த இடங்களில், உதவி கேட்டவர்களையும் படகு வைத்திருந்தவர்களையும் சேர்த்துவைத்தது அதே வாட்ஸ்அப்தான். அதனால் கைபேசியை விடச் சொல்லவில்லை. முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கொஞ்சம் ரொக்கமும் வீட்டில் இருக்கட்டும், நெட் இல்லாத நாளில் ஜிபேயை நம்ப முடியாது.