ஒரு சென்ட்டுக்குக் கிடைக்கும் கேப் வெர்டே பங்கை வாங்கலாமா?

கேள்வி: நான் கால்பந்துப் பிரியன். 2026 உலகக் கோப்பைக்குக் கேப் வெர்டே முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கிறது. நடக்கப்போவதைக் கணித்துப் பணம் வைக்கும் வெளிநாட்டு முன்கணிப்புச் சந்தையில் ‘கேப் வெர்டே கோப்பையை வெல்லும்’ என்ற பங்கு ஒரு சென்ட்டுக்குக் கிடைக்கிறது, வென்றால் ஒரு டாலர் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 20,000 ரூபாய் கொடுத்தால் தன் கணக்கிலேயே வாங்கி வைப்பாராம். கோப்பை கிடைக்காவிட்டாலும், ஓர் ஆட்டத்தில் வென்றாலே விலை மூன்று மடங்காகும், அப்போது விற்றுவிடலாம் என்கிறார். 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

அந்த அணியின் மீது உங்களுக்கு இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு. அட்லாண்டிக் கடலில் பத்துத் தீவுகள். மக்கள்தொகை ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டும். அந்த நாடு தகுதிச் சுற்றில் 23 புள்ளிகள் எடுத்து, 19 புள்ளிகளோடு நின்ற கேமரூனை முந்தியது. 2025 அக்டோபர் 13 அன்று தலைநகர் ப்ராயாவில் எஸ்வாட்டினியை 3-0 என வென்று தகுதியை உறுதிசெய்தபோது நானும் எழுந்து நின்று கைதட்டினேன். உங்கள் கேள்வியோ விலையைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

ஒரு சென்ட் விலை என்றால் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நடுத்தர விலைகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தரையைத் தொடும் விலைக்குப் பொருந்தாது. போட்டியில் 48 அணிகள். அவற்றில் வலுக்குறைந்த முப்பது அணிகளின் பங்கை ஆளுக்கு ஒரு சென்ட் என்று விற்றால் கூட்டுத்தொகை 30 சென்ட். அந்த முப்பதில் ஏதோ ஒன்று கோப்பையைத் தூக்க நூற்றில் முப்பது வாய்ப்பு இருக்கிறது என்று அந்த விலை சொல்கிறது. நம்ப முடிகிறதா? 1930 முதல் 2022 வரை 22 உலகக் கோப்பைகள் நடந்திருக்கின்றன. வென்றவை எட்டே நாடுகள். ஆப்பிரிக்க அணி ஒன்று எட்டிய உச்சமே 2022-இல் மொராக்கோ ஆடிய அரையிறுதிதான். ஆக, அந்த ஒரு சென்ட்டில் பெரும்பகுதி ஆசைக்கான விலை.

விலை தவறென்றால் விவரம் தெரிந்தவர்கள் ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். திருத்த வேண்டுமானால், ‘கேப் வெர்டே வெல்லாது’ என்ற எதிர்ப் பங்கை 99 சென்ட் கொடுத்து வாங்கி, 2026 ஜூலை 19 இறுதியாட்டம் வரை காத்திருந்து ஒரு சென்ட் லாபம் பார்க்க வேண்டும். வங்கியில் போட்டு வைத்தால் அதைவிடக் கூடுதலாக வட்டி வரும். அதனால் யாரும் மெனக்கெடுவதில்லை. தவறான விலை தவறாகவே நிற்கிறது, உங்களைப் போன்றவர்களுக்காக.

இப்போது ‘விலை ஏறியதும் விற்றுவிடலாம்’ என்ற பேச்சு. இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. பழைய நகையை விற்கப் போனவர்களுக்குத் தெரியும், கடையில் வாங்கும் விலை ஒன்று, நாம் விற்கும்போது தரும் விலை வேறு. இங்கும் அப்படியே. திரையில் ஒரு சென்ட் என்று தெரிந்தாலும், திருப்பி வாங்க நிற்பவர் அரை சென்ட்தான் தருவார் என்றால், வாங்கிய நொடியிலேயே உங்கள் 20,000 ரூபாய் 10,000 ஆகிவிட்டது. சின்ன அணிகளின் சந்தையில் அந்த அரை சென்ட்டுக்கு நிற்பவர்களும் சொற்பம். பிறகு யாரிடம் விற்பது? பெரும்பாலும், உங்கள் தெரிந்தவரைப் போன்ற தரகர் தேடும் ஆளே நீங்கள்தான். அவர் முன்பே மலிவாக வாங்கி வைத்திருப்பார். தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் சமூக ஊடகக் குழுக்களில் காட்டும் ‘லாப’ப் படங்களில் தோற்ற பங்குகள் இடம்பெறுவதே இல்லை.

ஓர் ஆட்டத்தில் வென்றால் மூன்று மடங்கு என்பதையும் பார்ப்போம். கேப் வெர்டேயின் குழுவில் ஸ்பெயின், உருகுவே, சவூதி அரேபியா. சவூதியை வென்றாலும் கோப்பைக்கு இன்னும் ஐந்து நாக்-அவுட் ஆட்டங்களில் வெல்ல வேண்டும். அந்த வெற்றி அசைப்பது ‘குழுவைத் தாண்டும்’ என்ற தனிப் பங்கின் விலையை. அது வேறு சரக்கு, விலையும் பல மடங்கு கூடுதல். பன்னிரண்டு குழுக்களில் மூன்றாம் இடம் பெறும் அணிகளில் எட்டு முன்னேறும் என்பதால் அங்கே உண்மையான வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் இரண்டு என்ற இதே விகிதம் யூரோ கோப்பையில் உண்டு. 2024-இல் மூன்று ஆட்டங்களையும் டிரா செய்த ஸ்லோவேனியா மூன்றே புள்ளிகளோடு முன்னேறியது, அதே மூன்று புள்ளிகள் எடுத்த ஹங்கேரி வீடு திரும்பியது. எந்தப் பங்கு என்பதைக்கூடத் தரகர் உங்களிடம் பிரித்துச் சொல்லவில்லை.

பங்கின் விதிப் பக்கத்தை அவர் காட்டினாரா? ‘வெற்றி’ என்பது 90 நிமிட வெற்றியா, பெனால்ட்டியும் சேர்த்தா என்பது அதில்தான் இருக்கும். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேப் வெர்டே தென்னாப்பிரிக்காவோடு 0-0 என முடித்து, பெனால்ட்டியில் 2-1 எனத் தோற்றது. ஒரு விதிப்படி அது டிரா, இன்னொரு விதிப்படி தோல்வி.

இன்னொரு விதியையும் கவனியுங்கள்; ஆப்பிரிக்க அணிகள் விஷயத்தில் இதை நான் விடாமல் சொல்வேன். ஆட்டம் முடிந்த பிறகு அலுவலகத்தில் முடிவு மாறினால் என்ன ஆகும்? 2025 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தென்னாப்பிரிக்கா லெசோத்தோவை 2-0 என வென்றது. இரண்டு மஞ்சள் அட்டை பெற்று, ஆடத் தடையிருந்த மொகோயெனா என்ற வீரரை அந்த ஆட்டத்தில் இறக்கியிருந்தார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று: லெசோத்தோவுக்கு 3-0 வெற்றி. ‘இந்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா வெல்லும்’ என்று வாங்கியவருக்கு மார்ச்சிலேயே பணம் கிடைத்திருக்கலாம். ‘குழுவில் முதலிடம்’ என்று வாங்கியவர் செப்டம்பரில் தலையில் கைவைத்திருப்பார். அக்டோபர் 14 அன்று தான் ருவாண்டாவை வென்று, குழுவில் போட்டியாக நின்ற பெனின் நைஜீரியாவிடம் தோற்ற பிறகுதான் தென்னாப்பிரிக்கா முதலிடத்தை மீட்டது. எக்குவடோரியல் கினியாவுக்கு அந்த மீட்சியும் இல்லை. 2023 நவம்பரில் அதன் வீரர் என்சுவே அடித்த கோல்களால் வென்ற இரண்டு ஆட்டங்களும், அவர் அந்நாட்டுக்கு ஆடத் தகுதியற்றவர் என்று 2024 மே மாதம் பறிக்கப்பட்டன. ஆறு மாதம் தூங்கி எழுந்து தீர்ப்புச் சொல்லும் அமைப்பை நம்பி எப்படி விலை போடுவது? களத்தில் முடிந்த நிலவரமா, இறுதித் தீர்ப்பா, எதன்படி பணம் தருவார்கள் என்ற வரி இல்லாத பங்கை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கால்ஷி போன்ற முன்கணிப்புச் சந்தைகள், எதிர்கால ஒப்பந்தங்களுக்கான அரசு ஆணையத்தின் (CFTC) கண்காணிப்பில் இயங்குகின்றன. இந்தியாவில் 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதை நடத்துபவருக்கும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தருபவருக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. எழுதியதோடு சரி. உங்கள் கைப்பேசியில் பணம் இரண்டு நொடியில் போய்விடுகிறது. எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. பங்கு அவர் பெயரில் இருக்கும். அவர் வாங்கினாரா என்பதே உங்களுக்குத் தெரியாது. சந்தை நிறுவனத்திடம் முறையிட்டால், அங்கே நீங்கள் வாடிக்கையாளரே இல்லை.

முன்பணம் 2,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். ‘மீதியைக் கட்டினால் எல்லாம் சேர்த்துத் தருகிறேன்’ என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். பணம் அனுப்பிய பதிவு, அவருடைய எண், உரையாடல்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணைய மோசடிகளுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். தெரிந்தவர் ஆயிற்றே என்று தள்ளிப்போடாதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் பிடித்து நிறுத்துவது கடினம்.