கோவா 70.3: சைக்கிளிலிருந்து இறங்கியதும் வரும் குமட்டல் பற்றி

வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் கோவாவின் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குத் தயாராகும் நீங்கள், 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து இறங்கியதும் வயிறு உப்பிக் குமட்டுவதால் ஓட முடியவில்லை என்றும், கால்களில் வலு போதவில்லையோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணிக்கு மூன்று ஜெல்லை (கூழ் போன்ற சர்க்கரை உணவு) இனிப்பான ஸ்போர்ட்ஸ் டிரிங்க்குடன் விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கடும் உழைப்பின்போது ரத்தம் தசைகளுக்கும், உடற்சூட்டைத் தணிப்பதற்காகத் தோலுக்கும் மிகுதியாகச் செல்வதால், குடலுக்குக் கிடைக்கும் பங்கு வெகுவாகக் குறைகிறது. அந்நேரத்தில் சர்க்கரைச் செறிவு மிகுந்த கரைசல் இரைப்பையிலேயே தேங்கிவிடும். குளுக்கோஸ் மட்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமே உடலுக்குப் பயன்படும். பிரக்டோஸும் கலந்திருந்தால், அதுவும் பழக்கப்பட்ட குடலுக்கு, 90 கிராம் வரை எட்டலாம். ஆகவே மணிக்கு 40 கிராம் சர்க்கரையில் தொடங்கி, வாரந்தோறும் நீண்ட சவாரியின்போது சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர் போதும்.

சவாரிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள் என்று பொருள். அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால், தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடங்களை இலகுவான கியரில் மிதித்து, இறங்கியவுடன் இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பழகுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.