கேள்வி–பதில்: பிரைடு என்ன ஆனது?

கேள்வி: ஜப்பானில் பிரைடு எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை) போட்டி ஒரு சவாலில் இருந்துதான் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1990-களில் அங்கே புரோ ரெஸ்லிங் வீரர்கள் பெரிய நட்சத்திரங்கள். யார் ஜெயிப்பது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு ஆடுவது அது. ஆனாலும் யு.டபிள்யு.எஃப்.ஐ. என்ற குழு, தங்களுடையது நிஜச் சண்டை என்றே சொல்லி வந்தது. 1994-இல் அக்குழுவின் யோஜி அஞ்ஜோ லாஸ் ஏஞ்சலிஸ் போய், பிரேசிலின் ஜியு-ஜிட்சு (தரைப்பிடிச் சண்டை) குடும்பத்தைச் சேர்ந்த ரிக்ஸன் கிரேஸியிடம் அவருடைய பயிற்சிக் கூடத்திலேயே அடிபட்டுத் திரும்பினார். போன மானத்தை மீட்கக் குழுவின் தலைமகன் நொபுஹிகோ தகாதா களமிறங்கினார். 1997 அக்டோபர் 11, டோக்கியோ டோம்: அதுதான் பிரைடு 1. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ரிக்ஸனின் கைப்பூட்டில் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி) மாட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அதே தேதியில் மறுபடி மோதினார்கள். மறுபடி கைப்பூட்டு, மறுபடி தோல்வி.

பிரைடைத் தூக்கி நிறுத்தியவர் தகாதாவின் பட்டறையில் வளர்ந்த கசுஷி சகுராபா. 1999 நவம்பரில் ரொய்லர் கிரேஸியைக் கைமுறுக்குப் பிடியில் வீழ்த்தினார். அதன் பிறகு கிரேஸி குடும்பத்தை வரிசையாக எதிர்கொண்டார்.

கேள்வி: சகுராபா–ரொய்ஸ் கிரேஸி சண்டை ஒன்றரை மணி நேரம் நடந்ததாமே? எப்படிச் சாத்தியம்?

பதில்: 2000 மே 1, கிராண்ட் பிரீ என்ற பிரைடின் நாக்-அவுட் தொடரின் இறுதி நாள். கிரேஸி தரப்பு கேட்டபடி தனி விதிமுறை: 15 நிமிடச் சுற்றுகள், எத்தனை சுற்று என்ற வரம்பு இல்லை, நடுவர் இடையில் நிறுத்தக் கூடாது, புள்ளித் தீர்ப்பும் இல்லை. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அவர் தரப்பு தோல்விக்கு அடையாளமாகத் துண்டை வீச வேண்டும். நீண்ட நேரம் தரையில் பிடித்து வைத்து எதிராளியைக் களைப்படையச் செய்யும் கிரேஸி முறைக்கு இந்த ஏற்பாடு வாகாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ரொய்ஸ் போட்டிருந்த ஜியு-ஜிட்சு உடுப்பையே சகுராபா பிடிமானமாக்கிக்கொண்டார். எழுந்து நின்ற நேரமெல்லாம் தொடையிலும் கெண்டைக்காலிலும் உதைத்தார். ஆறு சுற்று முடிந்தபோது ரொய்ஸின் கால் தாங்கவில்லை. துண்டு வந்து விழுந்தது.

90 நிமிடம் ஆடிய சகுராபா அதே இரவில் தன்னைவிடக் கனமான இகோர் வோவ்சான்சினோடும் 15 நிமிடம் மோதிவிட்டுத்தான் விலகினார். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் முதல் சண்டையைவிட இதுதான் பெரிது.

கேள்வி: பிரைடு விதிகள் அமெரிக்காவின் எம்.எம்.ஏ. போட்டியான யு.எஃப்.சி. விதிகளிலிருந்து எங்கே மாறுபட்டன?

பதில்: முதல் சுற்று 10 நிமிடம், அடுத்த இரண்டும் ஐந்தைந்து, இடையில் 2 நிமிட ஓய்வு. கீழே கிடப்பவர் தலையில் உதைக்கலாம், மிதிக்கலாம், முழங்காலால் இடிக்கலாம். ஆனால் தலையில் முழங்கை வீச்சுக்குத் தடை. யு.எஃப்.சி.யில் இது அப்படியே தலைகீழ்.

இதனால் ஆட்டமே மாறிவிடும். காலைப் பிடிக்கப் பாய்ந்து, அது தவறி, கையும் முழங்காலும் தரையில் ஊன்றிக் குனிந்து கிடப்பது யு.எஃப்.சி.யில் ஓரளவு பாதுகாப்பு. பிரைடில் அடுத்த நொடியே உச்சந்தலையில் முழங்கால் இறங்கும். அதனால் அரைகுறையாகப் பாய யாரும் துணியவில்லை.

தீர்ப்பும் சுற்றுவாரியாக இல்லை. சண்டை முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, முடித்துவைக்க யார் அதிகம் முயன்றார் என்பதற்கே முதலிடம். சோம்பினால் மஞ்சள் அட்டை, சம்பளத்தில் 10 சதவீதம் போச்சு.

கயிறு கட்டிய ரிங்கில் ஒரு சிக்கல் உண்டு. தரையில் உருளும் இருவர் கயிற்றுக்கு வெளியே நழுவுவார்கள். நடுவர் ‘அசையாதே’ என்று நிறுத்தி, இருவரையும் நடுவே கொண்டுவந்து அதே நிலையில் படுக்க வைப்பார். கைகால் இருக்கும் இடத்தைத் திரும்ப வைத்துவிடலாம். பிடியின் இறுக்கத்தை வைக்க முடியாது. முக்கால்வாசி பூட்டியிருந்தவருக்கு அங்கேதான் நஷ்டம்.

கேள்வி: இவ்வளவு கூட்டம் வந்த போட்டி ஏன் மூடப்பட்டது?

பதில்: தொலைக்காட்சிப் பணம் நின்றதால். பிரைடை நடத்திய டிரீம் ஸ்டேஜ் நிறுவனம் பெரிய வீரர்களுக்குக் கொடுத்த தொகைக்கு ஆதாரம் ஃபுஜி டிவி ஒளிபரப்பு. யகுசா (ஜப்பானிய மாஃபியா) தொடர்பு இருப்பதாக ஒரு வார இதழ் தொடர்ந்து குற்றம்சாட்டி எழுதிவந்த நேரத்தில், 2006 ஜூன் 5 அன்று, ஒப்பந்த மீறல் என்று சொல்லி ஃபுஜி விலகியது. அக்டோபரில் லாஸ் வேகாஸில் நடத்திப் பார்த்தார்கள். நெவாடா மாநில விதிப்படி தலையில் உதைப்பதற்கும் மிதிப்பதற்கும் அங்கே இடமில்லை. பிரைடின் அடையாளமே பாதி போய்விட்டது. 2007 ஏப்ரல் 8, சைதாமாவில் பிரைடு 34. அதுவே கடைசி. யு.எஃப்.சி. உரிமையாளர்களான ஃபெர்டிட்டா சகோதரர்கள் வாங்கினார்கள், தனியாக நடத்துவோம் என்றார்கள். அக்டோபரில் டோக்கியோ அலுவலகத்தை மூடி ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: பழைய சண்டைகளில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: தரைப்பிடியில் வல்லவரான பிரேசிலின் நொகெய்ராவும் உதையில் வல்லவரான குரோஷியாவின் மிர்கோ குரோ காப்பும் மோதியது, 2003 நவம்பர் 9. முதல் 10 நிமிடமும் நொகெய்ரா அடி வாங்குகிறார். மணி அடிக்கும் தறுவாயில் தலையில் உதை பட்டு விழுகிறார். இரண்டாம் சுற்றில் எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய், மேலேறி உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் கைப்பூட்டு. மிர்கோ கையை நீட்டித் தள்ளும் அந்தக் கணத்தில் நொகெய்ராவின் இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அடுத்து ரஷ்யாவின் ஃபெடோர் எமிலியானென்கோ–மிர்கோ, 2005 ஆகஸ்ட் 28. யு.எஃப்.சி.யின் இணைய வீடியோ சேவையான ஃபைட் பாஸில் பிரைடு தொகுப்பு இருக்கிறது.

பிரைடை நடத்திய சகாகிபாரா 2015-இல் ரிஸின் என்ற புதிய போட்டியைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, அதே சைதாமா அரங்கில், ஓய்விலிருந்து திரும்பிய ஃபெடோருக்கு எதிரே நின்றவர் இந்தியாவில் பிறந்த கிக்பாக்ஸர் ஜெய்தீப் சிங். முதல் சுற்றிலேயே ஃபெடோர் வென்றார்.