பழைய எம்எக்ஸ்-5க்கு எந்த பிரேக் பேட்? – கேள்வி பதில்

இங்கிலாந்தில் பதினான்கு வருடமாக ஒரு 1992 யூனோஸ் ரோட்ஸ்டர் கார் வைத்திருக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் அந்தப் பெயர், அமெரிக்காவில் மியாட்டா. பேட் மாற்றுவது, காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது எல்லாம் வீட்டு வாசலில் நானேதான். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டுதான் டிஸ்க்; அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வுத் துண்டு பேட்; பேடை டிஸ்க்கோடு நெருக்கும் பாகம் காலிப்பர். பிரேக் பேட் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1991 மாடல், 1.6 இன்ஜின். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் போடும் பேடையே போட்டுவிட்டால் சாலையில் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை தம்பி. எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். கார் வாங்கிய முதல் வருடம் டிராக் பேட் ஒரு செட் வாங்கி மாட்டினேன். ஜனவரி மாதம், காலை ஏழு மணி, சாலையில் ஈரம். வீட்டிலிருந்து கிளம்பி முதல் ரவுண்டானாவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, கார் மட்டும் நிற்கவில்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டி அரை வண்டி நீளம் உள்ளே போய்த்தான் நின்றது. அந்த நேரத்தில் வலது பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பேடில் குறை எதுவும் இல்லை. அது சூடான பிறகு பிடிப்பதற்காகச் செய்த பேட், நான் அதைச் சில்லென்று இருக்கும்போது மிதித்தேன்.

சாதாரணமாக ஓட்டும்போது டிஸ்க்கின் சூடு 100 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். டிராக்கில் 500 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பேட் கலவைகள் பல, 200 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. அதனால் பேட் வாங்கும்போது “அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்” என்று கேட்காதீர்கள். “காலையில் முதல் மிதியில் எப்படிப் பிடிக்கும்” என்று கேளுங்கள். பள்ளிக்கூட வாசலில் குழந்தை குறுக்கே ஓடி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மிதிதான்.

கேள்வி: அப்படியென்றால் நான் என்ன வாங்குவது? பெயர் சொல்லுங்கள்.

வேலைக்கும் கடைக்கும் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் கொஞ்சம் உற்சாகமாக ஓட்டுகிறீர்கள் என்றால், நல்ல நிறுவனத்தின் சாலைக்கான பேட் போதும். ஐரோப்பாவில் விற்கும் பேடின் பின்பக்க இரும்புத் தகட்டில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில இ எழுத்தும், பக்கத்தில் 90ஆர் என்ற குறியீடும் இருக்கிறதா பாருங்கள். அதன் பிடிப்பு ஒரிஜினல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்று சோதித்ததற்கு அடையாளம் அது. இதற்கு ஒரு படி மேலே வேண்டுமானால், இங்கே எம்எக்ஸ்-5 ஓட்டுகிறவர்கள் பலகாலமாக மின்டெக்ஸ் எம்1144 போடுகிறார்கள். என் காரிலும் இப்போது அதுதான். குளிரிலும் பிடிக்கிறது, மலை இறக்கத்திலும் கைவிடவில்லை. தூசி மட்டும் கொஞ்சம் அதிகம், வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழுவ வேண்டியிருக்கும். வருடத்துக்கு நாலைந்து தடவை டிராக்குக்குப் போகிறவர் என்றால் ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் இருக்கும் பேடைப் பார்க்கலாம். குளிரில் கிறீச்சென்று கத்தும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபெரோடோ என்ற பெயரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1897-ல் கம்பெனியைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட், தன் பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது.

கேள்வி: 1.6-க்கும் 1.8-க்கும் ஒரே பேடா? கடைக்காரர் ஒரே பேட்தான் என்று சொல்கிறார்.

இல்லை. முதல் 1.6 கார்களில் முன் டிஸ்க்கின் விட்டம் 235 மில்லிமீட்டர். 1.8 வந்தபோது அதை 255 ஆக்கினார்கள், காலிப்பரும் பேடும் மாறின. பிறகு வந்த மார்க் 2-வின், அதாவது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன், ஸ்போர்ட் மாடல்களில் 270. முப்பது வருடப் பழைய கார் என்பதால் முன்பு வைத்திருந்த யாராவது பெரிய டிஸ்க்குக்கு மாற்றியிருக்கலாம். வருடத்தையோ இன்ஜினையோ நம்பி ஆர்டர் போடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுதியிருக்கிறதே, அது தரமா?

தரம் இல்லை, உராய்வின் அளவு. முதல் எழுத்து மிதமான சூட்டில், இரண்டாவது அதிக சூட்டில். இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தால் சூடானாலும் பிடிப்பு பெரிதாக மாறாது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் இது சின்னத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் சோதித்த முடிவு. இ-யையும் ஜி-யையும் பிரித்துப் பார்க்க உதவும். இரண்டு எஃப்எஃப் பேடுகளில் எது நல்லது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: முன் பேட் மட்டும் நல்லதாகப் போட்டு, பின்னால் இருக்கிற பழையதையே விட்டுவிடலாமா? செலவு கட்டுப்படியாகவில்லை சார்.

முன்னால் கொஞ்சம் அதிகம் பிடிக்கும் பேடும் பின்னால் சாதாரண பேடும் இருந்தால் ஆபத்து இல்லை. முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்றுவிடும், நிற்கும் தூரம் கொஞ்சம் கூடலாம், ஆனால் கார் நேராகப் போகும். தலைகீழாக மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பின்னால் அதிகம் பிடிக்கும் பேடைப் போட்டால், ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் பழைய எம்எக்ஸ்-5 பலவற்றில் கிடையாது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்றும் மாற்றக் கூடாது, ஓர் அச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: நல்ல பேட் போட்டும் மலை இறக்கத்தில் பிரேக் கைவிட்டுவிட்டது. இன்னும் விலை அதிகமான பேட் வாங்கட்டுமா?

அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், பெடல் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடாகி வழுக்குகிறது. பெடல் பஞ்சு மாதிரி ஆகி, மிதிக்க மிதிக்கக் கீழே போனது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, அதற்குப் பேட் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். பழைய கார்களில் நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டு பேருக்குப் பிரச்சினை இங்கேதான். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. திறந்து பார்த்தால் ஆறிப்போன டீ நிறத்தில் இருக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ இருக்கும் காரை 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரேயடியாக நிறுத்தினால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூடு உண்டாகிறது. நாம் கேஸ் அடுப்பில் ஐந்தாறு நிமிடம் காத்திருந்து வாங்கும் சூட்டை அந்தப் பேடுகளும் டிஸ்க்குகளும் நான்கு விநாடியில் வாங்கிக்கொள்கின்றன. இறக்கத்தில் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் முதலில் புது ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள், 5.1 வேறு, 5 வேறு. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினை இழுக்க விடுங்கள்.

கேள்வி: வலது பக்கப் பேட் பாதி தேய்வதற்குள் இடது பக்கம் இரும்பு தெரிகிறது. பேட் போலியா?

காலிப்பர் ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பி, இறுகியிருக்கும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள், அது போய்ச் சேர்கிற முதல் இடங்களில் அதுவும் ஒன்று. பின்னை உருவி, துருவைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூசி, கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றுங்கள். செப்பு கிரீஸோ சாதாரண கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பேட் உட்காரும் இடத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல பேடும் வீண்தான். இதைச் சரிசெய்யாமல் இங்கே எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனைக்குப் போனால், முன் சக்கரங்களில் இடம் வலம் பிடிப்பின் வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டியதும் ஃபெயில் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: பின் காலிப்பர் பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. சி கிளாம்ப் வைத்து நெருக்கினேன்.

உடனே நிறுத்துங்கள்! பேடைத் தள்ளும் அந்தப் பிஸ்டனுக்குள் ஹேண்ட்பிரேக் மெக்கானிசம் இருக்கிறது, நெருக்கினால் உடையும். காலிப்பரின் பின்பக்கம் ஒரு 14 மி.மீ. போல்ட் தெரியும். அது வெறும் மூடிதான். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. அலென் கீ போகும் துளை இருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேடை மாட்டியபின், டிஸ்க் சுற்றாமல் பிடிக்கும்வரை வலப்பக்கமாகத் திருகி, பிறகு மூன்றில் ஒரு சுற்று திருப்பி விடுங்கள். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கேபிளை இழுத்து இறுக்குகிறவர்களில் பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்.

கேள்வி: செராமிக் பேட் போட்டால் சூப்பர் கார் மாதிரி பிடிக்குமா?

சூப்பர் காரில் இருப்பது செராமிக் டிஸ்க், அது வேறு. செராமிக் பேடின் நல்ல குணம் தூசி குறைவு, சத்தம் குறைவு. முதல் மிதியில் பிடிப்பு கொஞ்சம் மென்மை. காரைப் பளபளவென்று வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நல்லது.

கேள்வி: என்னுடையது போர்ஷே 944 டர்போ. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

கலவை, ஆயில் பற்றிச் சொன்னது பொருந்தும். உங்களுடையது நான்கு பிஸ்டன் அலுமினிய காலிப்பர், அதில் ஸ்லைடு பின் கிடையாது. பேட் உரசிப் போகும் இடத்தில் எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். அதன் அடியில் அலுமினியம் அரித்துப் பொங்கி, தகட்டை மேலே தூக்கும், பேட் சிக்கிக்கொள்ளும். புதுப் பேட் இறுக்கமாக இருக்கிறதே என்று பேடைத் தேய்க்காதீர்கள். தகட்டைக் கழற்றி, அடியில் உள்ள வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுங்கள். சாதாரண 944-க்கு காலிப்பரும் வேறு, பேடும் வேறு.

கேள்வி: பழைய கடையில் 80களின் ஒரிஜினல் பேட் பெட்டியோடு கிடைத்தது. போடலாமா?

வேண்டாம். அந்தக் காலத்துப் பேடில் கல்நார் இருக்கலாம், பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999-ல்தான். பழைய காரில் எந்தப் பேடைக் கழற்றினாலும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து, நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: புதுப் பேட் போட்டுவிட்டேன், அடுத்து?

முதலில் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்து கெட்டியாக்குங்கள், இதை மறந்து கிளம்பினால் முதல் மிதி தரைக்குப் போய்விடும். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை ஓரளவு அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். சூட்டோடு நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டி, பிறகு ஸ்டீயரிங் நடுங்கும்; டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கருகிய வாசனை வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், சமதளத்தில் கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.