கூரை மேல் ஆள் ஏற்றும் முன் எந்த பாலிசி?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் சீட் கூரை போடும் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். தினக்கூலிக்கு ஆறு பேர். விசைத்தறிக் கூடம், ஜவ்வரிசி ஆலை, சில சமயம் ஏற்காட்டில் எஸ்டேட் குடோன் என்று வேலை வரும். ஆத்தூர் பக்கம் ஓர் ஆலையில் இன்சூரன்ஸ் காப்பி கேட்கிறார்கள். ஆளுக்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு போட்டால் போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா?

பதில்: போதாது. முதலில் எடுக்க வேண்டியது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. பழைய ஆட்கள் 'டபிள்யூ.சி. பாலிசி' என்பார்கள், ஆலைக்காரர் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 35 வயது வெல்டர் டிரஸ்ஸிலிருந்து (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) விழுந்து இறந்தால், சட்டப்படி நீங்கள் அவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டைக் கணக்கிட, மாதக் கூலியில் பாதியை, சட்ட அட்டவணையில் உள்ள வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய் வரை. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக, 14,77,950 ரூபாய். உயிர் பிழைத்து இனி எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், அதாவது 17,73,540 ரூபாய். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இந்தக் கணக்குமுறை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பெல்ட் போடச் சொல்லியும் போடவில்லை என்பது மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டு லட்சத்தை வைத்து இதில் என்ன செய்வீர்கள்?

பாலிசி எடுக்கும்போது உண்மையை எழுதுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். பிரீமியம் ஆண்டு மொத்தக் கூலியை வைத்து வருவதால், ஆறு பேரை மூன்றாகவும் கூலியைப் பாதியாகவும் காட்டச் சொல்பவர்கள் உண்டு. இழப்பீடு கேட்கும் நாளில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும். தொழில் என்ற இடத்தில் 'கட்டட வேலை' என்று பொதுவாக விடாமல், கூரை வேலை, உயரத்தில் வெல்டிங், பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் கழற்றுதல் என்று எழுதச் சொல்லுங்கள். பழைய சீட் உடைந்து உள்ளே விழுவதுதான் நம் தொழிலில் பயங்கரமான விபத்து. உயர வரம்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வேலையிடம் ஒரே முகவரியாக இருக்கக் கூடாது. ஏற்காடும் ஆத்தூரும் அடங்க வேண்டும். மேஸ்திரி கூட்டிவரும் ஆட்களையும் சேருங்கள். மருத்துவச் செலவு பல பாலிசிகளில் தனியாகச் சேர்த்தால்தான் கிடைக்கும், அதைச் சேர்த்துவிடுங்கள். கூலி ரிஜிஸ்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் யார் உங்கள் ஆள் என்பதை நிரூபிப்பதே பாடு.

அடுத்தது பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது உங்கள் வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. வெல்டிங் பொறி விழுந்து தறிக்கூடத்து நூல் எரிந்தால் தொழிலாளர் பாலிசி ஒரு ரூபாயும் தராது. வெல்டிங் போன்ற நெருப்பு வேலை பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்காடு வேலைக்கு ஆட்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறாதீர்கள். வண்டி பாலிசி அப்படிப் பயணிப்பவர்களுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்காது. ஆனால் வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், புதிய சட்டம் பணியிட விபத்தாகவே பார்க்கிறது.

பத்துப் பேரை எட்டினால் இ.எஸ்.ஐ. பற்றி உங்கள் கணக்காளரிடம் பேசுங்கள்.

ஏஜென்ட் சொன்ன விபத்துக் காப்பீட்டையும் விட்டுவிட வேண்டாம், அது குடும்பத்துக்குச் சீக்கிரம் கிடைக்கும் பணம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் ஆறு பேரையும் பதிய வையுங்கள். இவையெல்லாம் கூடுதல்தான், உங்கள் சட்டப் பொறுப்பிலிருந்து கழிக்க முடியாது. ஆத்தூர் ஆலைக்கு பாலிசி நகலோடு, அந்த வேலையில் ஏறப்போகும் ஆட்களின் பட்டியலையும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.