கார்ட்டூன் போட்டா வீட்டுக்கு ஆள் வருமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

ஹட்டன்ல ரெண்டு நாளா கரண்ட் இல்ல, அதான் லேட். இருபது வருஷத்துக்கு மேல கார்ட்டூன் கீறுறவன்ங்கிற முறையில தெரிஞ்சத சொல்றேன், நான் லோயர் இல்ல.

மஸ்கெலியா தம்பி: அண்ணே, நம்ம இலங்கையில கார்ட்டூன் போட்டவங்கள உண்மையிலயே தூக்கியிருக்காங்களா?

பிரகீத் எக்னெலிகொட தம்பி. 2010 ஜனவரி 24, ஜனாதிபதி தேர்தலுக்கு ரெண்டு நாள் முந்தி காணாம போனாரு, இன்னைக்கு வரைக்கும் வரல. கார்ட்டூனும் கீறி பத்திரிகையில கட்டுரையும் எழுதினவரு, அதனால கார்ட்டூனுக்கு மட்டும்தான்னு சொல்லமாட்டேன். அவரு சம்சாரம் சந்தியா ஏறாத கோர்ட் இல்ல, இராணுவ புலனாய்வு ஆளுங்க மேல வழக்குப் போடுற வரைக்கும் விடல. 2022ல அதே ஜனவரி 24, கொழும்பு முகத்துவாரம் காளி கோயில்ல மொட்டை போட்டு நியாயம் கேட்டாங்க. ஒரு சிங்கள அம்மா நம்ம காளிகிட்ட வந்து நிக்கிற படத்த போன்ல காட்டினேன், எங்கம்மா ரொம்ப நேரம் போன திருப்பித் தரவே இல்ல.

பதுளை டீச்சர்: எந்தச் சட்டத்துல பிடிப்பாங்க?

அவதூறுன்னு ஜெயில்ல போடுற சட்டத்த 2002லயே எடுத்துட்டாங்க டீச்சர். இப்ப பயம் வேற எடத்துல. 2007ல வந்த ஐசிசிபிஆர் சட்டம் (சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) மனித உரிமைக்குன்னு கொண்டு வந்தது, ஆனா அதுல வெறுப்பத் தூண்டுறதுக்கு எதிரான 3ஆம் பிரிவுலதான் 2019ல சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவ ஒரு சிறுகதைக்காக பிடிச்சு நாலு மாசத்துக்கு மேல உள்ள வச்சாங்க, அந்தப் பிரிவுல பிடிச்சா சாதாரண நீதவான் கோர்ட்ல பிணையும் கெடைக்காது. மன்னார் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தமிழ்ல கவிதை எழுதினதுக்கு 2020 மே மாசம் பயங்கரவாத தடைச் சட்டத்துல உள்ள போனவரு, 2021 டிசம்பர்லதான் பிணை, 2023ல குற்றமே இல்லன்னு விடுதலை. உள்ள கழிஞ்ச காலத்த யாரு திருப்பிக் குடுப்பா? 2024 பெப்ரவரியில இருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (ஆன்லைன்ல போடுறதுக்கான சட்டம்) இருக்கு, பேஸ்புக்ல போடுறவங்க அத ஒருக்கா படிச்சு வச்சுக்கங்க.

தலவாக்கலை அண்ணன்: மந்திரி கிடக்கட்டும், எங்க தோட்டத்து தலைவரப் போட்டா?

அங்கதான் விஷயமே இருக்கு அண்ணே. தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்குன்னும் ஈரத்துக்குன்னும் கிலோ கழிப்பாங்கல்ல, அத ஒரு தொழிற்சங்கப் பத்திரிகைக்கு கீறினேன். தராசுல கூடை, தராசுக்கு அடியில ஒரு சப்பாத்துக் கால், பக்கத்துல வெள்ளை வேட்டி ஒண்ணு மேகத்த பாத்துக்கிட்டு நிக்குது. பேரும் இல்ல, மூஞ்சியும் இல்ல. மூணாம் நாள் ஒருத்தர் எங்க லயத்து வீட்டுக்கு வந்தாரு, சத்தம் போடல, அம்மா குடுத்த பிளேன்டீய குடிச்சாரு, "மகன் நல்லா கீறுறாப்ல, கோயில் செவுத்துல சாமி படம் கீறச் சொல்லுங்க"ன்னுட்டு போயிட்டாரு. அடுத்த மாசம் முழுக்க அம்மா ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கணக்குக் கிலோவ எடுத்த நாளுக்கும் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழுந்துச்சு. என்மேல ஒரு கை படல. அப்புறம் ரெண்டு வருஷம் நான் கீறினதெல்லாம் விலைவாசி, மழை, கிரிக்கெட்.

நுவரெலியா நண்பர்: வெளிநாட்டுல நெலம பரவாயில்லையா?

எங்க! சிரியாவுல கார்ட்டூன் கீறுற அலி ஃபர்சாத்தோட கைய 2011ல அடிச்சு ஒடைச்சாங்க. மலேசியா கார்ட்டூனிஸ்ட் சுனாருக்கு 2015ல ஒரே அடியா 9 தேசத்துரோக குற்றச்சாட்டு, ஆட்சி மாறினப்புறம்தான் கைவிட்டாங்க. தமிழ்நாட்டுல 1987ல ஒரு அட்டைப்பட ஜோக்குக்கு ஆனந்த விகடன் ஆசிரியருக்கு சட்டசபையே மூணு மாசம் ஜெயில் போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே விட்டுச்சு.

பண்டாரவளை தங்கச்சி: மெசேஜ்ல மிரட்டுறாங்க அண்ணா, என்ன செய்ய?

அழிச்சுடாதீங்க. நம்பர், தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற ஒருத்தருக்கும் அனுப்பி வைங்க, ஒரிஜினல் படத்தையும் பத்திரமா வைங்க. பொலிஸ்ல என்ட்ரி போட்டா நம்பரோட துண்டு வாங்காம வராதீங்க. மிரட்டுறவரு அரசாங்க அதிகாரின்னா அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாசம்தான் டைம், அதுக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவுக்காச்சும் எழுதிப் போட்டுடுங்க. தனியா மட்டும் போகாதீங்கம்மா.

மறுபடி தலவாக்கலை அண்ணன்: அந்தத் தராச திரும்பக் கீறினீங்களா?

கீறினேன் அண்ணே, வேலைய விட்டா கெடைக்கிற சேமலாப நிதி, அம்மாவோட அந்த ஈபிஎஃப் காசு கைக்கு வந்த அடுத்த வாரம். அந்தத் தடவ வேட்டிக்கு மூஞ்சியும் வச்சேன்.